இரண்டாவது நாற்காலி
(கடல் கடந்தோர் வீட்டுப் பொருள்கள் குறித்து வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஆதிச்சநல்லூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கட்டில், மேசை, நாற்காலி பற்றிப் பேசுவது முதலில் வியப்பாகத் தோன்றலாம். புலம்பெயர்ந்தோரைப் பற்றித் தமிழில் எழுந்த கவிதைகளில் கண்ணீர் உண்டு, கடிதம் உண்டு, விமான நிலையம் உண்டு, பனி உண்டு, அம்மாவின் கைமணம் உண்டு. ஆயின் அங்கே போய்ச் சேர்ந்தவர் முதல் இரவில் எதன்மேல் படுத்தார், எதன்மேல் தட்டை வைத்து உண்டார், பார்க்க வந்தவரை எதில் அமர்த்தினார் என்னும் வினாக்கள் அக்கவிதைகளில் பெரிதும் எழுவதில்லை. வாழ்க்கையில் முதலில் எழுவன இவ்வினாக்களே. கையிருப்பு சிறிது, அறை சிறிது, எத்தனை நாள் தங்குவோம் என்பது உறுதியில்லை, எனினும் கண்ணுக்கு இனிய ஒரு பொருளேனும் வீட்டில் இருக்கவேண்டும் என்னும் விருப்பம் மட்டும் சிறிதில்லை. அவ்விருப்பத்தின் வரலாற்றையும் நியாயத்தையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆதிச்சநல்லூர் மண்ணில் இதனைப் பேசுவது பொருத்தமே. பொருநையின் தென்கரையில் 114 ஏக்கர்ப் பரப்பில் கிடக்கும் இத்தாழிக்காட்டை 1876-இல் செருமானிய அறிஞர் யாகோர் அகழ்ந்தார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 2004-இல் சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். 2023-இல் இங்கே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இத்தனை அகழ்வுகளும் கூறும் செய்தி ஒன்றுண்டு. இறந்தவரைத் தாழியில் இட்ட இம்மக்கள் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கலயம் வைத்தனர், இரும்புக் கருவி வைத்தனர், தானியம் வைத்தனர், சிலருக்குப் பொற்பட்டமும் வைத்தனர். திரும்பி வர இயலாத ஊருக்குப் போகிறவருக்கும் அங்கே ஒரு வீடு நடக்கவேண்டும், அவ்வீட்டுக்குப் பொருள் வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். அயலூருக்குப் போகிறவனின் மூட்டையில் ஒரு பாயையும் ஒரு செம்பையும் வைத்துக் கட்டிய பிற்காலத் தாயின் கையும் அதே எண்ணத்தால் இயங்கியதே.

சொல்லில் தங்கிய சரக்கு

வீட்டுப் பொருள்களின் வரலாற்றை அவற்றின் பெயர்களே கூறும். கட்டில் தமிழ்ச் சொல்; சங்கப் பாடல்களில் பயில்வது. அரசு வீற்றிருக்கும் இடமும் கட்டில். முரசு வைக்கும் இடமும் கட்டில். முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய செய்தி இவ்வவையினர் நன்கறிந்தது. வடமொழியின் கட்வா என்னும் சொல்லுக்கும் இத்தமிழ்ச் சொல்லுக்கும் உறவு காணும் அறிஞர் உளர். பாய், மணை, ஊஞ்சல், உறி, பெட்டி, தொட்டில் ஆகியனவும் இம்மண்ணின் சொற்களே. இவற்றை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பாயைச் சுருட்டலாம், மணையைச் சுவரில் சாய்க்கலாம், உறி மேலே தொங்கும், ஊஞ்சலைக் கழற்றலாம். பழந்தமிழ் இல்லத்தின் தரை, பொருள்களால் அடைபடாத தரை. பகலில் கூடமாக இருந்த இடம் இரவில் படுக்கையறை ஆயிற்று.

மேசை போர்த்துகீசியச் சொல். அலமாரி, சன்னல், சாவி, கோப்பை ஆகியனவும் அவ்வாறே. பொருளை விற்கும் முறையாகிய ஏலமும் போர்த்துகீசியர் வழி வந்ததே. முத்துக்குளித்துறைக்குப் பதினாறாம் நூற்றாண்டில் வந்த அவர்கள் 1658 வரை தூத்துக்குடியில் செல்வாக்குடன் இருந்தனர். அவ்வாண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். இறுதியாக 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. மேசையைத் தந்தவர் போர்த்துகீசியர் என்றால், அதனை வாங்கும் துட்டைத் தந்தவர் டச்சுக்காரர். துட்டு என்பது அவர்களது காசின் பெயர். டீப்பாய் என்னும் சிறுமேசையின் கதை இன்னும் சுவையானது. மூன்று கால் என்னும் பொருள்பட வடநாட்டில் வழங்கிய திபாய் என்னும் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். தேநீரை நினைவூட்டும் வகையில் எழுத்தைத் திரித்தனர். பின்னர் அதனை இங்கேயே திருப்பித் தந்தனர். முக்காலி என்னும் நல்ல சொல் வீட்டில் இருக்கவே, அதன் பொருளையே கொண்ட இன்னொரு சொல் கடலைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தது.

மன்னார் வளைகுடாவின் இரு கரையையும் ஒப்பிட்டால் வேறொரு செய்தி தெரியும். இக்கரையின் பொதுவழக்கில் நாற்காலி, ஈழத்தில் கதிரை. கதிரையும் போர்த்துகீசியச் சொல்லே. யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரை அவ்வீட்டுப் பெரியவரின் அடையாளமாகவே இருந்தது. ஒரே அயலார் இரு கரைக்கும் வந்தனர். ஒரு கரை மேசையை மட்டும் ஏற்றது, மறு கரை மேசையோடு கதிரையையும் ஏற்றது. வீட்டுக்குள் எதனை விடுவது என்பதில் ஒவ்வொரு கரைக்கும் தனித் தேர்வு இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இக்கரை அயலாருக்கு அயல்நாடு

அயல்நாட்டில் குடியேறியவர் என்றவுடன் இங்கிருந்து போனவரையே எண்ணுதல் வழக்கம். இங்கு வந்தவருக்கும் இது அயல்நாடே. கப்பலில் கட்டிலும் மேசையும் ஏற்றி வருவது செலவு மிகுந்தது. வந்தாலும் இவ்வெப்பத்திலும் ஈரத்திலும் ஐரோப்பிய மரப்பொருளின் பசை விட்டுப்போகும், பலகை வெடிக்கும், கறையான் அரிக்கும். எனவே வந்தவர்கள் இந்நாட்டுத் தச்சரை நாடினர். மாதிரி அயலாருடையது, மரமும் கையும் இந்நாட்டவை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தில் நெருக்கமாகச் செதுக்கப்பட்ட தாழ்ந்த நாற்காலிகள் உருவாயின. அவற்றுள் சில இங்கிலாந்துக்குச் சென்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் எழுத்தாளர் அவ்வகை நாற்காலிகளை விரும்பி வாங்கித் தம் மாளிகையில் வைத்தார். அவை தம் நாட்டின் டியூடர் அரசர் காலத்துப் பழம்பொருள்கள் என்றே அவர் நம்பினார். கிழக்குக் கரைத் தச்சனின் உளி செய்த வேலை அங்கே ஆங்கில மரபாக மதிக்கப்பெற்றது. எந்தப் பொருள் எவருடையது என்று உரத்துப் பேசுவோர் இந்நாற்காலியை ஒருமுறை நினைத்தல் நலம்.

ஆங்கிலேயர் காலத்தில் புதிதாக வந்த இளம் அலுவலர்க்குக் கைகொடுத்தது ஏலம். ஒருவர் இறந்தாலோ மாற்றலாகிப் போனாலோ அவர் வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வரும். புதியவர் அவற்றை எடுப்பார். அவர் போகும்போது அவையே மீண்டும் ஏலத்துக்கு வரும். ஒரே கட்டில் பலரைத் தாங்கியிருக்கும். மனிதர் வந்து போயினர். மரம் இங்கேயே இருந்தது. இன்று அயல்நாடுகளில் தமிழர் பழம்பொருள் வாங்கும் முறைக்கு இதுவே முன்னோடி எனலாம்.

பாண்டில் என்னும் கட்டில்

பிரிவையும் வீட்டுப் பொருளையும் ஒருசேரப் பாடிய பேரிலக்கியம் தமிழில் உண்டு, அது நெடுநல்வாடை. நக்கீரர் அதில் பாண்டில் என்னும் வட்டக் கட்டிலை விரிவாகப் புனைகிறார். நாற்பது ஆண்டு நிரம்பிப் போர்க்களத்தில் வீழ்ந்த யானையின் தந்தம், அதனைச் செதுக்கி இலைத்தொழில் செய்த தச்சனின் திறம், மேலே விரித்த மெல்லணை எனக் கட்டிலின் ஒவ்வோர் உறுப்பும் அங்கே சொல்லப்படுகின்றது. அத்தனை சொல்லியபின் அக்கட்டிலின்மேல் அரசி தனியே இருக்கிறாள். அரசன் பாசறையில், வாடைக் காற்றில், நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு திரிகிறான். கட்டிலை இவ்வளவு அழகாக நக்கீரர் புனைந்தது செல்வத்தைக் காட்ட மட்டுமன்று. பொருள் நிறைந்த இடத்தில் ஆள் இல்லாமையைக் காட்டவே அவ்வழகு அங்கே பயன்படுகின்றது.

இந்தக் காட்சி பழங்காலத்தோடு முடியவில்லை. வளைகுடா நாட்டில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஒருவன் படுத்திருக்கிறான். அவனுக்குரிய இடம் ஒரு மெத்தை, தலைமாட்டில் ஓர் ஆணி, கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி. அவன் அனுப்பிய பணத்தில் ஊரில் எழுந்த வீட்டின் முன்கூடத்தில் தேக்குச் சோபாவும் கண்ணாடி பதித்த பீரோவும் இருக்கின்றன. சோபாவின் மேலிட்ட நெகிழியுறையைக் கழற்றவில்லை. அவன் வந்தபின் கழற்றலாம் என்று வைத்திருக்கிறார்கள். அவன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறான். விருந்தினனைப்போல் அதில் அமர்கிறான். பாசறையும் பாண்டிலும் இன்றும் உள்ளன. இதனைப் பாட நக்கீரர்தாம் வரவேண்டும் என்பதில்லை; இவ்வட்டத்தின் கவிஞர் ஒருவரே போதும்.

தூக்கிச் செல்ல இயலாதவை

தமிழர் அயலிடத்தில் வீட்டுப் பொருளுக்குச் செலவிடத் தயங்குவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று, வரலாறும் காரணம். 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும் முன்னர் இலங்கைக்குச் செல்லும் பெருவழிகளுள் ஒன்று தூத்துக்குடித் துறைமுகம். அவ்வழியே சென்ற உழைப்பாளிகளுக்கு மலையகத் தோட்டங்களில் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. அவ்வறையில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் இருந்தாக வேண்டும், மேசைக்கு இடமேது? இரங்கூனுக்குச் சென்றவருள் சிலர் நன்றாகவே வாழ்ந்தனர். தேக்கு விளையும் நாடு. நல்ல கட்டிலும் அலமாரியும் செய்துகொண்டனர். 1942-இல் சப்பானியப் படை வந்தபோது இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். நடப்பவன் தலையில் அலமாரி வராது. மீண்டும் 1962-இல் படையாட்சி ஏற்பட்டு, 1964-இல் வணிகங்கள் அரசுடைமை ஆக்கப்பட்டபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அப்போதும் வீடும் பொருளும் அங்கேயே நின்றன. 1983 சூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்தப்பட்டவை வீட்டுப் பொருள்களே.

பொன்னை இடுப்பில் முடியலாம்; சான்றிதழை நெஞ்சோடு அணைக்கலாம்; கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட இயலாது. ஆகவே அயலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல பொன்னுக்கும் படிப்புக்கும் தயங்காது செலவிட்டு, நாற்காலிக்கு மட்டும் தயங்கின. இத்தயக்கத்தை நகைத்தல் தகாது. எனினும் இதற்குக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ‘அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம்’ என்று இருபது ஆண்டுகளை அட்டைப்பெட்டியின் மேல் துணி விரித்து மேசையாக்கிக் கழித்தவர் உண்டு. அவ்வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு எழுத ஒரு மேசை இல்லை. அவ்வீட்டுப் பெண்ணுக்கு முதுகு சாய ஓர் இடம் இல்லை. வாழ்வு ஊருக்கென ஒத்திவைக்கப்பட்டது; ஒத்திவைத்த நாள்கள் மட்டும் திரும்பி வருவதில்லை.

மலிவும் அழகும்

மலிவான பொருள் அழகாயிராது, அழகான பொருள் மலிவாயிராது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உலக வரலாறு இதனை மறுக்கின்றது. 1859-இல் வியன்னாவைச் சேர்ந்த தோனெட் நிறுவனம், மரத்தை நீராவியில் வளைத்து ஒரு நாற்காலி செய்தது. ஆறு துண்டுகளும் சில திருகாணிகளும் கொண்டது அது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். காப்பிக் கடைகளுக்கென விற்ற அந்த எளிய நாற்காலியை இன்று அருங்காட்சியகங்கள் வைத்துப் போற்றுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் மரம் அரிதாயிற்று. 1942-இல் அரசே தலையிட்டுப் பயன்பாட்டு மரப்பொருள் திட்டத்தை வகுத்தது. குண்டு வீச்சில் வீடிழந்தோர்க்கும் புதிதாக மணம் புரிந்தோர்க்கும் அளவுச்சீட்டின்படி பொருள்கள் கிடைத்தன. வடிவமைப்புக் குழுவுக்குக் கார்டன் ரசல் தலைமை ஏற்றார். வேண்டாத செதுக்கல் இல்லை. வலுவான பொருத்து உண்டு. அளவு செம்மை உண்டு. 1952 வரை நடந்த அத்திட்டத்தில் செய்த மேசைகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் உறுதியாக நிற்கின்றன. வறுமைக் காலத்தில் மக்களுக்கு அழகும் வேண்டும் என்று ஓர் அரசு எண்ணியது நினைவில் நிறுத்தத்தக்கது.

சுவீடனில் 1943-இல் இங்வார் காம்பிராட் என்னும் பதினேழு வயது இளைஞர் தொடங்கிய ஐக்கியா நிறுவனம் 1950-களில் இதே வழியில் சென்றது. மேசை ஒன்று காருக்குள் நுழையவில்லை, அதன் கால்களைக் கழற்றினர், வழி பிறந்தது. பொருளைத் தட்டையாகப் பெட்டியிலிட்டு விற்று, பூட்டும் வேலையை வாங்குபவரிடமே விட்டால் ஏற்றுக்கூலியும் கிடங்குச் செலவும் குறையும். சிங்கப்பூரில் 1978-இலும் ஐதராபாத்தில் 2018-இலும் இந்நிறுவனத்தின் கடைகள் திறந்தன. இன்று கோலாலம்பூரிலோ இலண்டனிலோ டொராண்டோவிலோ புதிதாகக் குடியேறும் தமிழ் இணையர் தரையில் அமர்ந்து, படம் பார்த்துத் திருகாணி முடுக்கிக் கட்டில் பூட்டுவது ஒரு புது மனைபுகு சடங்காகவே ஆகிவிட்டது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக மலிவான தட்டைப்பெட்டிப் பொருள்களில் பெரும்பாலானவை மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைகள். நீர் பட்டால் ஊதும். ஒருமுறை பூட்டியதைப் பிரித்து மறுமுறை பூட்டினால் திருகாணித் துளை பிடிமானம் இழக்கும். வாடகை வீடு மாறி மாறி வாழ்பவர்க்கு இது பெருங்குறை. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் இறுக்கிய பழைய முறை மேசை, நான்கு வீடு மாறினாலும் ஆடாது. ஆகவே அறிந்தவர் புதிய தூள்பலகையைவிடப் பழைய மரத்தையே நாடுவர்.

பழையது கிடைக்கும் வழிகள் ஒவ்வொரு நாட்டிலும் வேறுவேறு. கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்களில் மிகுதியானவை சூலை முதல் நாளில் மாறுகின்றன. அன்று மொன்றியல் நகரத் தெருவெங்கும் கட்டிலும் மேசையும் நிற்கும். செருமனியில் பெரிய கழிபொருள்களை எடுத்துச் செல்லும் நாளில் வீட்டார் நல்ல அலமாரிகளையும் வாசலில் வைத்துவிடுவர். டொராண்டோவில் பர்னிச்சர் பேங்க் என்னும் தொண்டு அமைப்பு 1998 முதல் பழைய பொருள்களைப் பெற்று, அகதிகளாக வந்தோர்க்கும் இடர்ப்பட்டோர்க்கும் வழங்கி வருகின்றது. இங்கிலாந்தில் அறக்கொடைக் கடைகள் உண்டு. சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 சூலையில் மூடப்பட்டது. எனினும் வீடுவீடாகப் பழம்பொருள் வாங்கும் காரங்குனிக்காரரின் குரல் அடுக்குமாடிகளில் கேட்பதுண்டு. பல்கலைக்கழக ஊர்களில் படிப்பு முடியும் பருவத்தில் மாணவர் விட்டுச்செல்லும் மேசைகள் அடுத்து வரும் மாணவரைச் சேர்கின்றன. எதனை வாங்கினாலும் மெத்தையை மட்டும் புதிதாக வாங்குக என்பது பட்டறிந்தோர் கூறும் நெறி; மூட்டைப்பூச்சி கடவுச்சீட்டின்றி வீடு மாறும்.

பிறர் பயன்படுத்தியதை வாங்குவது இழிவு என்னும் கூச்சம் தமிழரிடை உண்டு. ஆனால் செட்டிநாட்டுப் பெருவீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கின்றன. கடல் கடந்து ஈட்டிய பொருளில் எழுந்த வீடுகள் அவை. வழிவழியினர் வேறு ஊர்களில் வாழ, வீட்டைப் பேணுவார் இன்றி அவை பிரிந்தன. அத்தூண்களை வாங்கிச் செல்பவர் கூச்சப்படுவதில்லை, பெருமைப்படுகின்றனர். செட்டிநாட்டுத் தூணுக்கு ஒரு நீதி, மொன்றியல் தெரு நாற்காலிக்கு வேறு நீதி என்பது பொருந்தாது.

பொருநை அனுப்பக்கூடியவை

அயல்வாழ் தமிழர் வீட்டுக்கு இவ்வாற்றங்கரை எதைத் தரக்கூடும் என்பதும் எண்ணத்தக்கது. இதே ஆற்றின் மேற்பகுதியில் பத்தமடை உள்ளது. ஆற்றோரக் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவிட்டு, மெல்லியதாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் நெய்யும் பாய் அவ்வூரின் புகழ். இசுலாமியக் குடும்பங்கள் வழிவழியாகக் காத்துவரும் தொழில் அது. நுண்பாயைப் பட்டுத் துணிபோல் மடிக்கலாம். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருதலும் வழக்கம். புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்துள்ளது. தட்டைப்பெட்டியைக் கண்டவர் சுவீடன்காரர் என்று உலகம் பேசுகின்றது. சுருட்டிக் கையில் எடுத்துச் சென்று, விரித்தவுடன் கட்டிலாகவும் இருக்கையாகவும் ஆகும் பொருளைப் பத்தமடையார் நெடுங்காலமாகவே செய்துவருகின்றனர். அதனைப் பூட்டத் திருகாணியும் வேண்டா, படமும் வேண்டா.

பனை நிறைந்த தேரிப் பகுதியில் பனைநாரால் பின்னிய கட்டில் எளிய வீட்டின் குளிர்ந்த படுக்கை. மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் எடையற்றவை, அழகியவை. இன்னொருபுறம் தூத்துக்குடித் துறைமுகம் வெளிநாட்டு மரத்தை இறக்குமதி செய்யும் துறைமுகங்களுள் ஒன்று. மியன்மா அரசு 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தபின் வேறு நாட்டு மரங்கள் தேவைப்பட்டன. அயல்நாட்டு மரம் இக்கரையில் இறங்கி இங்குள்ள வீடுகளில் கட்டிலாகின்றது. இக்கரையின் பாயோ அயல்நாட்டு அடுக்குமாடியில் விரிகின்றது. கடல் இருவழியும் ஏற்றி இறக்கும்.

ஒரு செய்தியை இங்கே மறத்தல் கூடாது. அயலில் உள்ளோர் பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டி வைக்கும் அலங்காரமாக மட்டும் கொண்டால் அத்தொழில் பிழைக்காது. விரித்துப் படுத்து, தேய்ந்து, மீண்டும் ஒன்று வாங்கினால்தான் நெய்பவர் வீட்டில் அடுப்பெரியும். பண்பாட்டைப் போற்றுதல் என்பது பயன்படுத்துதலே.

எதனை முதலில் வாங்குவது?

அயலில் குடிபுகுவோர்க்கு வாங்கும் ஒழுங்கு ஒன்றும் வேண்டும். முதலாவது படுக்கை, உழைத்த உடம்புக்கு உரிய மதிப்பு அது. அடுத்தது ஒரு மேசை. உண்ணவும் எழுதவும் பிள்ளை படிக்கவும் ஒன்றே போதும், ஆனால் அது ஆடாததாக இருத்தல் வேண்டும். மூன்றாவது ஒரு விளக்கு. மஞ்சள் ஒளி பரப்பும் சிறுவிளக்கு ஒன்று வாடகைச் சுவரின் வெறுமையைப் பெரிதும் மறைக்கும். இவை மூன்றையும் எவரும் கூறுவர். நான்காவதுதான் மறக்கப்படுகின்றது. அது இரண்டாவது நாற்காலி.

முதல் நாற்காலி தனக்கு. இரண்டாவது, வருகிறவருக்கு. இரண்டாவது நாற்காலி இல்லாத அறைக்கு எவரும் வருவதில்லை. வந்தாலும் நின்றே பேசிப் போகின்றனர். விருந்தோம்பலை இல்வாழ்வின் பயனாகவே வைத்த மரபு தமிழ் மரபு. விருந்தினரை அமர்த்த இடமில்லாத வீட்டில் அம்மரபு எங்கே அமரும்? அயலிடத்தில் ஒருவர் இரண்டாவது நாற்காலியை வாங்கும் நாளில்தான் அவ்வறை வீடாகின்றது. பக்கத்து வீட்டு அயல்மொழிக்காரர் ஒரு மாலையில் வந்து அதில் அமர்ந்து காப்பி அருந்திப் போனால், அவ்வூரும் சிறிது தன்னூர் ஆகின்றது. பர்மாவும் கொழும்பும் கற்பித்த அச்சம் மெய்யே. பொருளை இழக்கலாம்; ஊரையே இழக்கலாம். ஆயினும் இழக்கக்கூடும் என்பதற்காக அமராமலே வாழ்தல் இழப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதாகும்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் இவ்வுரை நிறைவுறுகின்றது. புலம்பெயர்வைப் பாடும்போது ஏக்கத்தை மட்டும் பாடாதீர்கள். அந்த அறைக்குள் நுழைந்து பாருங்கள். தெருவில் கண்டெடுத்துத் துடைத்து மெழுகிட்ட மேசை, கால் குட்டையானதற்கு முட்டுக்கொடுத்த பழைய செய்தித்தாள், பெயர் நெய்த திருமணப் பாய், உறை கழற்றாத ஊர்ச் சோபா ஆகிய இவையெல்லாம் உவமைக்குக் காத்திருக்கும் பொருள்களல்ல. தாமே பேசவல்ல சான்றுகள். தாழிக்குள் வைத்த கலயத்தைக் கொண்டுதான் மூவாயிரம் ஆண்டுக்கு முன் இங்கு வாழ்ந்தவரை இன்று அறிகிறோம். அவர்தம் பாட்டு எதுவும் தாழிக்குள் கிடைக்கவில்லை. இன்று வாழ்பவர்க்கு அந்தக் குறை நேராதிருக்கப் பொருளையும் வையுங்கள், பாட்டையும் வையுங்கள்.

வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் தழைக்க! வருவோர்க்கெல்லாம் இங்கே ஓர் இருக்கை என்றும் இருக்க!